ஹார்லெமில் வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலோ சிட்டி காலேஜிலோ படிக்க வருபவர்கள், மிட்டவுனில் வேலை கிடைத்தவர்கள் எனப் பலரும் மன்ஹாட்டன் வாடகையைப் பார்த்து மலைத்துவிட்டு, கடைசியில் அதே மன்ஹாட்டனின் வடக்கே உள்ள ஹார்லெம் பக்கம் திரும்புகிறார்கள். 125ஆம் தெருவில் ஏ அல்லது டி ரயில் ஏறினால், பகலில் அடுத்த நிறுத்தமே 59ஆம் தெருதான்.

முதலில் பணம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் 2019 சட்டப்படி வாடகைக்கு விடப்படும் வீடுகளில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. "உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டுங்கள்" என்பதும் இதே தடைக்குள் அடங்கும். விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது. காலி செய்த 14 நாளில், பிடித்தம் எதற்கு என்ற கணக்கோடு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். 2025 ஜூன் 11 முதல் புரோக்கரை அமர்த்தியவரே அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வைத்த புரோக்கருக்கு நீங்கள் தர வேண்டியதில்லை. இன்னொன்று: நம் ஊரில் லீஸ் என்றால் ஒத்தி. இங்கே அது வெறும் வாடகை ஒப்பந்தம்.

ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 3,000 டாலர் வாடகைக்கு 1,20,000 டாலர். இல்லாவிட்டால் ஜாமீன்தாரர் வேண்டும். அவருக்குப் பெரும்பாலும் 80 மடங்கு கேட்பார்கள்.

அடுத்து, எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்த வீடு வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதா? இதை இங்கே 'ரென்ட் ஸ்டெபிலைஸ்டு' என்பார்கள். 1974க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்கள் பொதுவாக இதில் வரும். வரிச்சலுகை பெற்ற சில புதுக் கட்டடங்களும் வரும். அப்படிப்பட்ட வீட்டில் வாடகை உயர்வை ஆண்டுதோறும் ஒரு வாரியம் நிர்ணயிக்கும். ஒப்பந்தத்தை ஓர் ஆண்டுக்கா இரண்டு ஆண்டுக்கா புதுப்பிப்பது என்பது உங்கள் விருப்பம். கட்டடங்களின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. ஆனால் கட்டடம் பட்டியலில் இருப்பதாலேயே உங்கள் வீடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தோடு ரைடர் என்ற இணைப்பைக் கேளுங்கள். முந்தைய வாடகை அதில் இருக்க வேண்டும். குடியேறியதும் மாநில வீட்டுவசதித் துறையிடம் அந்த வீட்டின் வாடகை வரலாற்றை விண்ணப்பித்து வாங்குங்கள். 2019க்கு முன் ஓர் ஆண்டில் வாடகை திடீரென்று எகிறி, பிறகு 'விலக்கு' என்று பதிவாகியிருந்தால் விசாரிக்க வேண்டும். காலியான வீட்டைப் புதுப்பித்ததாகக் காட்டி வாடகையை ஏற்றி, வரம்பைத் தாண்டியதும் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே எடுப்பது அப்போது வழக்கம். சிலர் சட்டப்படி செய்தார்கள், சிலர் பொய்க் கணக்கு எழுதினார்கள்.

பக்கத்து வீட்டு மூதாட்டி உங்கள் வாடகையில் பாதிகூடக் கொடுக்காமல் இருக்கலாம். அதை ஒரு சலுகையாகப் பார்க்காதீர்கள். 1904 வாக்கில் சுரங்க ரயிலை நம்பி அளவுக்கு மீறிக் கட்டிய வீடுகள் காலியாகக் கிடந்தபோது, பிலிப் பெய்ட்டன் என்ற கறுப்பினத் தரகர் அவற்றில் கறுப்பினத்தவரைக் குடிவைத்தார்; அவர்கள் வெள்ளையர்களைவிட அதிக வாடகை கொடுத்தார்கள். 1930களில் வரைபடத்தில் இந்தப் பகுதியைக் கடன் தர ஆபத்தான இடம் என்று சிவப்பில் குறித்தார்கள், வங்கிக் கடன் கிடைக்கவில்லை. 1970களில் பல உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டு ஓடினார்கள், வரி பாக்கிக்காக நகராட்சி எடுத்துக்கொண்டது. ஓடாமல் இருந்து கொதிகலனையும் கூரையையும் பார்த்துக்கொண்டவர்கள் குடியிருந்தவர்கள்தான். 2008இல் 125ஆம் தெருவில் உயரக் கட்டடங்களுக்கு வழிவிட்டு மண்டல விதிகள் மாறின. இன்று இங்கே கறுப்பினத்தவர் பெரும்பான்மை இல்லை. நம் வருகையும் அந்த மாற்றத்தில் ஒரு பங்குதான். அதனால் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கம் இருந்தால் சேருங்கள். எந்த வீட்டில் பழைய வாடகை என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குளிர்காலம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழ் போனால் உள்ளே 68 இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62. இல்லையென்றால் வெப்பமானி காட்டும் அளவை நேரத்தோடு குறித்துக்கொண்டு நகராட்சியின் புகார் எண்ணான 311க்கு அழையுங்கள். பழைய ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டரின் வால்வை முழுதாகத் திறங்கள் அல்லது முழுதாக மூடுங்கள். பாதியில் விட்டால் நீராவியும் திரும்பும் தண்ணீரும் மோதிக்கொண்டு இரவெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்கும், தரையிலும் ஒழுகும். 1960க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குள் குழந்தை இருந்தால் ஈயப் பெயின்ட் சோதனையைக் கேளுங்கள். பத்து வயது வரை குழந்தை இருந்தால் ஜன்னல் கம்பி போடுவது வீட்டுக்காரர் கடமை.

சாம்பார்ப் பொடிக்கு லெக்சிங்டன் அவென்யூவில் 6 ரயில் பிடித்து 28ஆம் தெருவில் இறங்குங்கள், அங்கே இந்தியக் கடைகள் உண்டு.

கடைசியாக, வாசல்படியில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது வணக்கம் சொல்லிவிட்டுப் போவது இங்கே மரியாதை. லெனாக்ஸ் அவென்யூதான் மால்கம் எக்ஸ் பூல்வார்டு, இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. ஆனால் தெற்கு ஹார்லெமுக்குத் தரகர்கள் கொண்டுவந்த 'சோஹா' என்ற பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மார்கஸ் கார்வி பூங்காவில் கோடைச் சனிக்கிழமைகளில் ஆப்பிரிக்க மேளங்கள் முழங்கும், பல பத்தாண்டு வழக்கம் அது. சத்தம் ஆகாது என்றால் பூங்காவைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டை எடுக்காதீர்கள்.