மசோதா வந்துவிட்டது, விசுவாசி என்ன எழுத வேண்டும்?

கருக்கலைப்பு, கருணைக்கொலை, திருமணம் என்று ஏதாவது ஒரு மசோதா வந்தால் போதும், சபையில் ஒரு மனு சுற்றி வரும், எல்லாரும் கையெழுத்துப் போடுவோம், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். கையெழுத்து தவறில்லை. ஆனால் ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் அனுப்பினாலும் படிப்பவர் கண்ணுக்கு அது பெரும்பாலும் ஒரே கடிதம்தான். சொந்த வார்த்தையில் உங்கள் தொகுதியின் சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் மசோதாவைப் படியுங்கள். அதைப் பற்றிய செய்தியை அல்ல, மசோதாவையே. நான் முதன்முதலில் அனுப்பியது நான்கு பக்கம், முழுக்க வேத வசனம். அந்த உறுப்பினரின் உதவியாளர் போனில் பொறுமையாகக் கேட்டார், "சரிங்க, எந்தப் பிரிவை மாத்தணும்னு சொல்றீங்க?" என்னிடம் பதில் இல்லை, மசோதாவைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. இப்போதெல்லாம் கையில் பென்சிலோடு உட்கார்ந்து வரையறைகள் பகுதியைத்தான் முதலில் படிக்கிறேன். 'தீராத நோய்' என்றால் எது, எத்தனை மாதம், யார் முடிவு செய்வது? கனடாவில் 2016-ல் மருத்துவ உதவியோடு உயிரைப் போக்கிக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் வந்தபோது, மரணம் எதிர்பார்க்கத்தக்க தூரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2021-ல் அதை எடுத்துவிட்டார்கள், சாகும் நிலையில் இல்லாதவரும் கேட்கலாம் என்றாகிவிட்டது. இப்படி ஒரு வரியைப் பிடித்து எழுதினால் எதிர்த்தரப்பும் நின்று கேட்கும்.

கருணைக்கொலை விஷயத்தில் நம் ஆட்களே குழம்புகிறார்கள். பலன் தராத, தாங்க முடியாத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வது வேறு, உயிரைப் போக்க மருந்து கொடுப்பது வேறு. வத்திக்கான் 1980-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் எழுதினால், வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்த ஒரு மகளைக் கொலைகாரி என்று சொல்லியதாகிவிடும்.

அப்புறம், வலியைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சாகும் நிலையில் உள்ள நோயாளி மருத்துவர் எழுதித்தரும் மருந்தைத் தானே உட்கொண்டு உயிரைப் போக்கிக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வருடாவருடம் வரும் அறிக்கைகளில் நோயாளிகள் சொன்ன காரணங்களாக, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போவதும் கௌரவம் போவதும் வலியைவிட முன்னால் நிற்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமும் நிறையப் பேரிடம் இருக்கிறது. என் சித்தி கடைசி மாதத்தில் விரிப்பின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் பாரமா கிடக்கேனே" என்பார். அவருக்கு அப்போது தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார ஒரு ஆள். சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவ மருத்துவர் 1967-ல் லண்டனில் தொடங்கிய, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் (ஹாஸ்பிஸ்) வலி தணிப்பு மருத்துவத்துக்கே வழிகாட்டியது. அதனால் உங்கள் கடிதத்தில் வேண்டாம் என்பதோடு சேர்த்து, வலி தணிப்புச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லியும் கேளுங்கள்.

கருக்கலைப்பைப் பற்றி எழுதும்போது தாயின் கர்ப்பத்திலேயே தேவன் நம்மை உருவாக்கினார் என்று சொல்லும் சங்கீதம் 139 உங்கள் நெஞ்சில் இருக்கட்டும், தாளில் மருத்துவ உண்மை இருக்கட்டும். மிகைப்படுத்திய படங்களை அனுப்பவே அனுப்பாதீர்கள், ஒன்று பொய் என்று தெரிந்தால் மீதி உண்மையும் போய்விடும். தாயைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள், பிரசவ விடுப்பு, வருமானம், கைவிட்டுப் போன ஆணின் பொறுப்பு, எல்லாம். மனசாட்சி காரணமாக மறுக்கும் நர்ஸுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சபையில் இதைப் பற்றிப் பேசும்போது, கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு சகோதரி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்தே பேசுங்கள். பெரும்பாலும் அது நிஜமாகவே இருக்கும்.

ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்கும் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். திருமணம் ஆணும் பெண்ணும் இணைவது என்று மத்தேயு 19-ல் இயேசு சொன்னதை நம்புகிறோம் என்று தயங்காமல் எழுதுங்கள், ஆனால் யாரையும் இழிவாக ஒரு வார்த்தை எழுதாதீர்கள். மசோதா நிறைவேறிவிடும் என்று தெரிந்தாலும், போதகரை நடத்திவைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பிரிவைக் கேளுங்கள். இங்கிலாந்தின் 2013 சட்டத்தில் அப்படிப்பட்ட பாதுகாப்பு இருக்கிறது.

எழுதி முடித்ததும் விசுவாசி அல்லாத ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் முகம் சுளிக்கும் வரியை மாற்றி எழுதுங்கள், கருத்து அனுப்பும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் வந்தால், எதிராக வந்தாலும், நன்றி சொல்லி ஒரு வரி எழுதி நேரில் பார்க்க நேரம் கேளுங்கள்.