ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்புவது எப்படி: ஒரு கைடு தன் ஸ்காலர்களுக்குச் சொல்வது

பிஎச்டி சேர்ந்தவரைக் கல்யாண வீட்டில் பார்த்தால்கூட "பேப்பர் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் சொந்த விதியாக வைத்திருக்கின்றன. வேலைக்கான நேர்காணலில் முதலில் புரட்டுவதும் வெளியான கட்டுரைகளின் பட்டியல் பக்கத்தைத்தான். நான் நிலத்தடி நீர் வேதியியலில் ஸ்காலர்களுக்கு வழிகாட்டுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் ஃபுளோரைடுதான் எங்கள் பிழைப்பு. அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

தீசிஸின் ஓர் அத்தியாயத்தை வெட்டி, மேலே ஒரு தலைப்பு ஒட்டினால் பேப்பர் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. அத்தியாயத்தில் செய்ததை எல்லாம் சொல்லலாம். பேப்பரில் ஒரு கேள்விக்கு மட்டும்தான் இடம். "தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம்" என்பது கேள்வியே இல்லை. பிஎச், கடினத்தன்மை, உப்புகள் என்று பத்து அட்டவணை போட்டு, கடைசியில் "சில இடங்களில் நீர் குடிக்க ஏற்றதல்ல" என்று முடித்தால் எடிட்டர் கொட்டாவி விடுவார். "ஒரே பாறையில் தோண்டிய பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில், மழைக்குப் பிறகு ஒன்றில் ஃபுளோரைடு ஏறுகிறது, இன்னொன்றில் இறங்குகிறது, ஏன்?" என்பது கேள்வி. இதற்குப் பதில் சொல்ல கால்சியமும் பைகார்பனேட்டும் பிஎச்சும் வேண்டும். அவை உள்ளே வரட்டும். நைட்ரேட்டுக்கு இதில் வேலை இல்லை என்றால், எவ்வளவு கஷ்டப்பட்டு அளந்திருந்தாலும் அது வெளியேதான். உங்கள் கேள்வியை வேறு துறை நண்பர் ஒருவரிடம் போனில் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். அவர் "சரி, அப்புறம்?" என்று கேட்டால் எழுத ஆரம்பிக்கலாம்.

எழுதும் முன்பே ஜர்னலை முடிவு செய்யுங்கள். எங்கே தேடுவது என்று கேட்காதீர்கள். நீங்கள் படித்த கட்டுரைகளின் பட்டியலை எடுத்து, எந்த ஜர்னல் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். முதல் மூன்றில் ஒன்றுதான் உங்கள் இடம். அதன் தளத்தில் நோக்கம், எல்லை பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு, கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் தலைப்பில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். "ஒரு மாவட்டத்தை மட்டும் பற்றிய ஆய்வுகளை ஏற்பதில்லை" என்று சில ஜர்னல்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அனுப்பிவிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

அடுத்து, ஜர்னல் உண்மையானதா என்ற சோதனை. முன்பு எந்த ஜர்னலை ஏற்கலாம் என்று யுஜிசி-கேர் பட்டியல் என்று ஒன்று கைகாட்டிக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். எது நல்ல ஜர்னல் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்கள் தலையில். ஆகவே முதல் வேலையாக உங்கள் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் எதை ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் ஜர்னல் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனியாக உள்ள ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்ற வரியையும் பாருங்கள். "2021 வரை" என்று இருந்தால் அது வெளியேற்றப்பட்ட ஜர்னலாக இருக்கலாம். நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே போல் இன்னொரு தளம் நடத்தும் கும்பலும் உண்டு. அதனால் கூகுளில் முதலில் வரும் சுட்டியை நம்பாமல், ஸ்கோபஸ் பக்கத்திலிருந்தோ பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தோ உள்ளே போங்கள்.

"ஸ்கோபஸ் பேப்பர், பதினைந்தே நாளில் அக்செப்டன்ஸ், கேரண்டி" என்று வாட்ஸப் குழுக்களில் வருகிறதே, அதைப் பற்றி ஒரு பழைய கதை. 2013இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் லைக்கனிலிருந்து எடுத்த ஒரு மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே ஓட்டை உடைசலாக ஒரு போலிக் கட்டுரை தயாரித்து, காசு வாங்கி வெளியிடும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. அதன் முடிவுகள் 'சயின்ஸ்' இதழில் வந்தன. காசு வாங்கிக்கொண்டு பேப்பர் போடுகிறவர்கள் உங்கள் பேப்பரைப் பாராட்டினால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

காசு என்றதும் இன்னொன்று. நல்ல ஜர்னல் என்றாலே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெரிய பதிப்பகங்களின் பல ஜர்னல்களில் இரண்டு வழி உண்டு: ஓபன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்றால் கட்டணம், சந்தா வழி (படிப்பவர் தரப்பு காசு கட்டும்) என்றால் பெரும்பாலும் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். படிவத்தில் கேட்கும்போது சந்தா வழியைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான்.

எழுதும் வரிசை

முன்னுரையில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் படங்களும் அட்டவணைகளும். அவற்றை மேஜையில் பரப்பி வைத்து, எந்த வரிசையில் வைத்தால் பதில் தானாகத் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு செய்முறை, முடிவுகள், விவாதம், முன்னுரை. கடைசியில் சுருக்கமும் தலைப்பும்.

செய்முறையில் கஞ்சத்தனம் வேண்டாம். சாம்பிளைப் பாலிதீன் பாட்டிலில் எடுத்தீர்களா, கண்ணாடியிலா? ஃபுளோரைடுக்குக் கண்ணாடி கூடாது என்று, ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிடும் ரிவ்யூவருக்குத் தெரியும். அயனி மின்முனையில் அளந்திருந்தால் டிஸாப் கரைசல் சேர்த்தீர்களா? அது இல்லாமல் அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடு கணக்கில் வராது. இந்த இரண்டு வரி இல்லாததாலேயே திரும்பி வந்த பேப்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் துறையில் ரிவ்யூவர் அட்டவணையைப் பார்த்ததும் செய்யும் முதல் வேலை, அயனிச் சமநிலைக் கணக்கு. நீரில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக இருந்தாக வேண்டும் இல்லையா? லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள அளவுகளை மின்சுமைக் கணக்குக்கு மாற்ற, கால்சியத்தை 20.04ஆல், மெக்னீசியத்தை 12.15ஆல், சோடியத்தை 22.99ஆல் வகுத்து, எதிர் அயனிகளையும் அதே போல மாற்றி, இரண்டு பக்கத்தையும் கூட்டுவார். நேர் அயனிகள் 9.8, எதிர் அயனிகள் 9.2 என்றால் வித்தியாசம் 0.6, மொத்தம் 19.0, பிழை 3.2 சதவீதம். ஐந்துக்குள் இருப்பதால் கடந்து போவார். 9.8க்கு எதிரில் 7.6 என்றால் பிழை 12.6 சதவீதம், அதற்கு மேல் உங்கள் விவாதத்தை அவர் படிக்கப்போவதில்லை. எனவே இதை நீங்களே எக்செல்லில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் போட்டுப் பாருங்கள். தேறாத சாம்பிளை மறுபடி அளக்கவும். நைசாக நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் காரணத்தோடு எழுதுங்கள். உங்கள் துறையிலும் இப்படி ஒரு "முதல் கணக்கு" இருக்கும். அது எது என்று உங்கள் கைடிடம் கேளுங்கள்.

தசம இடங்களும் அப்படித்தான். லிட்டருக்கு 1.4732 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று எழுதினால், கருவி காட்டியதை யோசிக்காமல் காப்பி அடித்தீர்கள் என்று அர்த்தம். 1.47 போதும். ஒப்பிடும் வரம்பைச் சரியாகச் சொல்லுங்கள்: இந்தியத் தரம் ஐஎஸ் 10500:2012இன்படி ஏற்கத்தக்கது 1.0, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிப்பது 1.5. இரண்டையும் குழப்பினால் "எத்தனை கிணறு மோசம்" என்ற எண்ணிக்கையே மாறிவிடும்.

தலைப்பில் 'எ ஸ்டடி ஆன்' என்று ஆரம்பிப்பதை நான் அடித்துவிடுவேன். ஆய்வு என்று தெரிந்துதானே படிக்கிறார்கள். என்ன கண்டீர்கள், எந்தப் பாறையில், எந்தப் பருவத்தில் என்பது தலைப்பில் வரட்டும். சுருக்கத்தில் குறைந்தது இரண்டு எண்களாவது இருக்க வேண்டும். "முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்ற வாக்கியம் இடத்தை அடைப்பதற்கு மட்டும்தான் பயன்படும்.

ஆங்கிலத்தைச் சரிசெய்ய ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறீர்கள், தெரியும். பயன்படுத்தினால் ஜர்னல் கேட்கும் இடத்தில் அதை எழுதுங்கள். மேற்கோள் கட்டுரைகளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பது போலவே எழுதித் தரும். ஒவ்வொரு மேற்கோளின் டிஓஐ-யையும் (கட்டுரையின் நிரந்தர இணையச் சுட்டி) கிளிக் செய்து, கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள்களை ஜொடெரோ மாதிரி இலவச மென்பொருளில் சேர்த்து வைத்தால் பாதி வேலை மிச்சம்.

யார் பெயர், எந்தப் பெயர்

ஆசிரியர் பெயர்களின் வரிசையை எழுத ஆரம்பிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். "அப்படியே நம்ம ஹெச்ஓடி பேரையும் சேர்த்துடுப்பா" என்ற குரல் சமர்ப்பிக்கும் நாளன்றுதான் கேட்கும். வேலையில் பங்கு இருந்து, கட்டுரையைப் படித்து, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர்தான் ஆசிரியர். கருவியைத் தந்தவருக்கும் சாம்பிள் எடுக்க உதவியவருக்கும் நன்றிப் பகுதி இருக்கிறது. பல ஜர்னல்கள் இப்போது யார் என்ன செய்தார் என்று தனித்தனியாகக் கேட்பதால், இதைச் சொல்லி மறுப்பது முன்பைவிடச் சுலபம்.

நம் இனிஷியல் ஒரு தனித் தொல்லை. எஸ். கவிதா என்று ஒருவர் இருந்தால், படிவம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். ஒரு பேப்பரில் எஸ் கடைசிப் பெயராகும், இன்னொன்றில் கவிதா, மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. ஸ்கோபஸில் அவர் மூன்று பேராகப் பிரிந்து நிற்பார். ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுத்து, அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆர்கிட் இலவசம்.

அனுப்பும் நாள்

ஜர்னலின் வழிகாட்டிப் பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். பெயர் மறைத்த ரிவ்யூ என்றால், உங்கள் பெயர் உள்ள முதல் பக்கம் தனிக் கோப்பு. வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள். புகைப்படங்கள் 300 டிபிஐ-க்குக் குறையக் கூடாது. பரிந்துரைக்கும் ரிவ்யூவர்களாக உங்கள் கைடின் பழைய மாணவர்களைப் போடாதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டியவர்களில், நிறுவன மின்னஞ்சல் உள்ளவர்களைப் போடுங்கள். கவர் லெட்டர் அரைப் பக்கம்: கேள்வி என்ன, பதில் என்ன, இந்த ஜர்னலின் வாசகருக்கு ஏன், வேறெங்கும் அனுப்பவில்லை. உண்மையிலேயே வேறெங்கும் அனுப்பியிருக்கக் கூடாது.

கோப்புகளை ஏற்றியதும் தளம் ஒரு பிடிஎஃப் உருவாக்கும். அதைத் திறந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பேப்பர் போகும். ஏற்றியதோடு முடிந்தது என்று நினைத்து, "ஆசிரியர் ஒப்புதலுக்காக" என்ற பெட்டியிலேயே மாதக்கணக்கில் கிடந்த பேப்பர்கள் உண்டு.

பதில் வந்த பிறகு

ஒரு வாரத்தில் "எங்கள் எல்லைக்குள் வராது" என்று திரும்பி வந்தால் நல்லதுதான். ஆறு மாதம் மிச்சம். ரிவ்யூவுக்குப் போய்விட்டால் மூன்று மாதம் வரை வாயைத் திறக்காமல் இருங்கள். அதற்குப் பிறகு எடிட்டருக்கு இரண்டு வரியில் பணிவாகக் கேட்கலாம்.

'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தம் வேண்டும்) என்று வந்தால் அழத் தேவையில்லை, கதவு திறந்திருக்கிறது. அன்றே பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு கருத்தையும் அப்படியே நகலெடுத்து எண் போட்டு, கீழே உங்கள் பதில், அதற்குக் கீழே எந்தப் பக்கம் எந்த வரியில் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். "திருத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் போதாது.

உதாரணமாக, ரிவ்யூவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஒரே ஒரு மழைக்காலத்தை வைத்துப் பருவ மாற்றம் என்று சொல்ல முடியாது." சண்டைக்குப் போகிறவர், "இதே முறையில் பலர் வெளியிட்டிருக்கிறார்கள்" என்பார். நான் எழுதச் சொல்வது: "ஒப்புக்கொள்கிறோம். ஒரு வருடத் தரவு என்பதால், 'பருவ மாற்றம்' என்று சொன்ன இடங்களை 'அந்த ஆண்டு மழைக்கு முன், பின்' என்று மாற்றியுள்ளோம். இந்த வரம்பை விவாதத்தின் இறுதியில் சேர்த்துள்ளோம்." ஒரு புது சாம்பிள்கூட எடுக்காமல் அந்தக் கருத்து தீர்ந்தது. ரிவ்யூவர் சொல்வது தவறென்றால் மறுக்கலாம். தரவைக் காட்டி மறுங்கள். தன் ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்கிற ரிவ்யூவரும் வருவார். பொருந்துவதை மட்டும் சேர்த்துவிட்டு, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று எடிட்டருக்குத் தனியே எழுதுங்கள். கொடுத்த கெடு போதவில்லை என்றால், முடியும் முன்பே கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

மறுத்துவிட்டு, "எங்கள் இன்னொரு ஜர்னலுக்கு மாற்றட்டுமா?" என்று பதிப்பகம் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். அந்த இன்னொரு ஜர்னல் முழுக்கக் கட்டண ஜர்னலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏற்றுக்கொண்டால் அச்சுப் படி வரும், பெரும்பாலும் இரண்டு நாள் கெடுவோடு. வாக்கியங்களை அழகுபடுத்தும் நேரம் அல்ல அது. பெயர்கள், நிறுவன முகவரி, நிதி உதவி எண், அட்டவணையின் நெடுவரிசைகள் இடம் மாறியிருக்கிறதா, மைக்ரோ குறி மில்லியாக மாறியிருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். ஒருவர் அசல் அட்டவணையை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் விரல் வைத்துச் சரிபார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்து முறை. ஓரத்தில் கேட்டிருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் படி திரும்பி வரும்.