ஷோஜோ மங்காவும் அனிமேயும்: புதுசா வாற ஆக்கள் எதைப் பாக்கோணும், எங்க தொடங்கோணும்

சண்டை அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) பாத்துப் பழகின ஆக்கள் ஷோஜோ, அதாவது பெண் பிள்ளையளுக்கெண்டு வாற கதையள், பக்கம் வந்தா கன பேர் ரெண்டு எபிசோட்டோட விட்டிட்டுப் போயிடுவினம், ஒண்டுமே நடக்குதில்லை எண்டு சொல்லி. நடக்குது, ஆனா வெளியில இல்லை, கதையில வாற பெட்டையின்ர மனசுக்குள்ள நடக்குது, கண்ணை அங்க வைக்கப் பழகினா காணும். யாழ்ப்பாணத்தில ரியூசன் விட்டு வந்து போனில அனிமே பாக்கிற பிள்ளையள் இப்ப கனக்க, அவையள நினைச்சுத்தான் இதை எழுதுறன்.

முதல்ல, ஷோஜோ எண்டா காதல் கதை எண்டு முடிவு கட்டாதேங்கோ. ஜப்பானில மங்கா, அதாவது படக்கதை, கூடுதலா சஞ்சிகையிலதான் தொடரா வரும், எங்கட அம்மாக்கள் வாராவாரம் தொடர்கதை வாசிச்ச மாதிரி, அந்தச் சஞ்சிகை ஆருக்கெண்டு வருகுதோ அதை வச்சுத்தான் ஷோஜோ (பெண் பிள்ளையளுக்கு), ஷோனென் (ஆம்பிளைப் பிள்ளையளுக்கு) எண்டு பிரிக்கிறது. நகயோஷி, ரிபோன், மார்கரெட், ஹனா டு யுமே எல்லாம் பெண் பிள்ளையளுக்கான சஞ்சிகையள். அதுக்குள்ள பேய்க்கதையும் வரும், விஞ்ஞானக் கதையும் வரும், சரித்திரமும் வரும். 1972 இல மார்கரெட்டில தொடங்கின ‘வெர்சாய் ரோஜா’ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை, ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வளத்த ஒஸ்கார் எண்ட பெண் அதிகாரிதான் அதில முக்கியம். அதால ஒரு கதை என்ன வகை எண்டு சந்தேகம் வந்தா படத்தைப் பாக்காதேங்கோ, எந்தச் சஞ்சிகையில வந்தது எண்டு தேடுங்கோ. 2011 இல வந்த ‘மடோகா மஜிகா’ எண்ட அனிமே போஸ்டரில பாக்க சின்னப் பிள்ளையளின்ர மந்திரக் கதை மாதிரித்தான் கிடக்கு, ஆனா அது இரவு நேரத்தில வளந்த ஆக்களுக்கெண்டு போட்டது, வீட்டில குட்டித் தங்கச்சிக்குப் போட்டுக் குடுத்திடாதேங்கோ.

இனிப் பக்கத்தை எப்பிடி வாசிக்கிறது எண்டு பாப்பம், எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்ச இடமே இதுதான். வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் போகோணும், அது தெரியும்தானே. பிறகு கட்டங்களைக் கவனியுங்கோ. சாதாரணமா கதைக்கேக்க கட்டம் நேரா இருக்கும், மனசு கலங்கினவுடன கோடு காணாமல் போகும், ஒரு கட்டத்துக்கு மேல இன்னொண்டு ஏறி நிக்கும், பின்னால இருந்த வகுப்பறை இல்லாமல் போய் அந்த இடத்தில பூவோ வெறும் வெள்ளையோ வரும், கதைக்கிறதை எழுதுற பலூனுக்கு வெளியில தனிச் சொல்லுகள் மிதக்கும். அந்த மிதக்கிற சொல்லுகள்தான் அவள் வாயால சொல்லாதது, அதைத் தாண்டிப் போனா கதையே போச்சு. கண்ணைப் பெருசாக் கீறி அதுக்குள்ள மினுக்கம் வைக்கிறதும் இதுக்குத்தான், முகத்தில ஓடுறது தெரியோணும். 1953 இல தெசுகா ஒசாமு எண்ட மங்காக் கலைஞர் ‘ரிபன் வீராங்கனை’ எண்ட ஷோஜோ கதையைக் கீறத் தொடங்கின காலத்தில இந்தத் துறையில ஆம்பிளையள்தான் கூட, 70களில ஹகியோ மோதோ, தகேமியா கெய்கோ, இகெதா ரியோகோ மாதிரிப் பெண்கள் வந்தாப் பிறகுதான் பக்கம் இவ்வளவு சுதந்திரமா மாறினது.

‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ எண்ட ஷோஜோ கதையில ஒரு இடம் இருக்கு, கியோ எண்ட பெடியன் நெடுக மற்றவனைப் பாத்து எரிஞ்சு கொண்டிருப்பான், தோரு எண்ட பெட்டை அவனுக்கு சோத்து உருண்டையை வச்சு விளங்கப்படுத்துவாள். உருண்டையின்ர முதுகில உப்பில ஊறின காய் ஒண்டு ஒட்டியிருக்காம், தன்ர முதுகு தனக்குத் தெரியாதபடியால அடுத்தவன்ர முதுகில உள்ளதைப் பாத்து ஏங்கிறமாம், உன்ர முதுகிலயும் இருக்கு எண்டுவாள். அடிதடி இல்லை, ஆனா அந்தப் பெடியன் அதுக்குப் பிறகு பழைய ஆள் இல்லை. இப்பிடி இடத்தைக் கெதியாக் கடக்காதேங்கோ, ஆறுதலாப் பாருங்கோ.

இன்னொரு விசயம், பேர் சொல்லிக் கூப்பிடுறது. வகுப்பில குடும்பப் பேரைத்தான் கூடச் சொல்லுவினம், சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுற நாள் பெரிய நாள், எங்களுக்கு அப்பான்ர பேரும் சொந்தப் பேரும் மட்டும்தானே, அதால டக்கெண்டு பிடிபடாது, சப்டைட்டிலிலயும் மறைஞ்சு போகும், காதைக் குடுத்துக் கேளுங்கோ. பெப்ரவரி 14 பெட்டையள் சொக்லேட் குடுக்கிறது, மார்ச் 14 பெடியள் திருப்பிக் குடுக்கிறது, பள்ளிக்கூட விழா, வாணவேடிக்கை எல்லாம் திரும்பத் திரும்ப வரும்.

பிடிக்காததையும் சொல்லோணும். பெட்டையைச் சுவரோட மறிச்சு நிக்கிறது, கையைப் பிடிச்சு இழுக்கிறது, கொடுமைப்படுத்தினவனையே பிறகு விரும்புறது எண்டு சில கதையளில காட்டுவினம். கொரியன் நாடகமா வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பாத்தவைக்கு விளங்கும், அதின்ர மூலமும் 1992 இல தொடங்கின ஷோஜோ மங்காதான். தங்கச்சியோட இருந்து பாக்கிற அக்காமார் அந்த இடத்தில நிப்பாட்டி, இது சரியில்லை எண்டு சொல்லுங்கோ.

தொடங்க எண்டா, மெதுவான பள்ளிக்கூடக் கதைக்கு ‘கிமி நி தோதோகே’, சின்னாக்களோட இருந்து பாக்க ‘கார்ட்காப்டர் சகுரா’ அனிமே, கூட்டமா நிண்டு சண்டை பிடிக்கிற பெட்டையள் வேணுமெண்டா 1992 இல தொடங்கின ‘செய்லர் மூன்’, அதில உசாகி அழுமூஞ்சி, சோதினையிலயும் குறைய எடுக்கிறவள், அப்பிடி ஒருத்தியைத் தலைவியா வச்சதுதான் அதின்ர வடிவு. ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ பாக்கிறதெண்டா 2019 இல தொடங்கினதை எடுங்கோ, 63 எபிசோட்டில கதை முழுக்க முடியும், 2001 இல வந்தது மங்கா முடியமுன்னம் எடுத்ததால பாதியில நிக்குது.