முதன்முறை ரெட்வுட் காட்டுக்குப் போகிறவர்களுக்கு

"உலகிலேயே உயரமான மரம் எங்கே?" என்ற கேள்வியோடுதான் பலர் பயணத் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அந்த மரத்தைத் தேடிப் போகாதீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரம்தான் அது; அதற்குப் பாதையே கிடையாது. ஆட்கள் புதரை மிதித்துப் போய் வேரடி மண்ணைக் கெடுத்ததால் 2022இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அடியில் நின்றாலும் உச்சி கண்ணுக்குத் தெரியாது.

1. எந்த மரம் என்று முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவில் இரண்டு வகை உண்டு. மிக உயரமானது கடலோர ரெட்வுட். மிகப் பருமனானது ஜயன்ட் செக்கோயா. அது சியரா நெவாடா மலையில் வளர்வது, அதற்கான பயணமே வேறு. இங்கே சொல்வது கடலோர ரெட்வுட்டைப் பற்றி. மழையில்லாத கோடையில் கடல் மூடுபனி இதன் இலைகளில் படிந்து சொட்டுவதால் மண் ஈரமாகவே இருக்கிறது. அதனால்தான் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் இது வளர்கிறது.

2. இருக்கும் நேரத்துக்கேற்ற காடு

அரை நாள்தான் இருக்கிறதா? சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள மியூர் வுட்ஸ் போதும். இரண்டு இரவுகள் தங்க முடியுமென்றால் வடக்கே ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களுக்குப் போங்கள். 101 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். தூரம் அதிகம்தான், ஆனால் கூட்டமில்லாத பழமையான காட்டில் நடக்க வேண்டுமென்றால் இதுவே சரி.

3. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

மியூர் வுட்ஸுக்குக் காரில் போனாலும் ஷட்டில் பேருந்தில் போனாலும் முன்பதிவு கட்டாயம். அங்கே போன் சிக்னல் கிடைக்காது. முன்பதிவுச் சீட்டை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் வாசலில் தவிப்பவர்கள் நிறைய.

வடக்கே தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் சுவரெங்கும் பெரணிச் செடி படர்ந்த ஃபெர்ன் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன் அனுமதி வேண்டும். டால் ட்ரீஸ் குரோவ் என்ற மரத்தோப்புக்கும் இலவச முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கே இறங்கும்போது சுலபமாக இருக்கும் செங்குத்துப் பாதை, திரும்பி ஏறும்போது மூச்சு வாங்க வைக்கும். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். கோடையிலும் காடு குளிரும், ஜாக்கெட் தேவை.

4. வடக்கே எந்த வரிசையில் பார்ப்பது

முதல் நாள் லேடி பேர்ட் ஜான்சன் குரோவில் தொடங்குங்கள். இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவான சுற்றுப்பாதை, பெரும்பாலும் சமதளம், குழந்தைகளும் நடப்பார்கள். பிறகு நியூட்டன் பி. டுரூரி சாலையில் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். மறுநாள் காலை ஸ்டவுட் குரோவ். அங்கே போகும் ஹவ்லண்ட் ஹில் சாலையில் பெரும்பகுதி மண்சாலை, குறுகலானது. சாதாரண கார் போகும், பெரிய வேன் கூடாது.

5. நடக்கும்போது

பாதையை விட்டு விலகாதீர்கள். இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழமே போகும். பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை பரவி அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். மிதித்து இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. புகைப்படத்துக்காக ஒருவர் எடுத்து வைக்கும் பத்துக் காலடி, அடுத்தவருக்கு வழியாகிவிடுகிறது.

மூன்று இலைகள் கொத்தாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். எல்க் மான்களிடமிருந்து 25 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் பாய்ந்து வரும்.

6. படம் எடுக்க

நல்ல வெயிலில் எடுத்தால் வெளுத்த திட்டும் கறுத்த நிழலுமாகப் படம் கெட்டுவிடும். மூடுபனிக் காலையே சிறந்தது. முழு மரத்தையும் அடக்க முயலாமல், பாதையிலேயே ஒருவரை நிறுத்தி அடிமரத்தோடு சேர்த்து எடுங்கள். அளவு அப்போதுதான் புரியும்.