ஊர் டென்னிஸ் கிளப்பின் வரலாற்றை எழுதப் போகிறீர்களா? பந்து பொறுக்கியவரிடம் முதலில் போங்கள்

பழைய கிளப் ஒன்றின் வரலாற்றை எழுதக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் இருக்கும் தலைவர்கள் பெயர்ப்பலகையைத்தான் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். பலகை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்களா? அதனால் முதல் வேலையாக, பின்னேரங்களில் அங்கே பந்து பொறுக்கியவர், கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர், தேத்தண்ணி ஊற்றியவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போங்கள். உறுப்பினர்கள் சொல்லாததை இவர்கள்தான் சொல்வார்கள்: யார் முன் வாசலால் வந்தார்கள், யாரைப் பின்பக்கமாக வரச் சொன்னார்கள் என்பது உட்பட. வெள்ளைக்கார அதிகாரிகள் காலத்துக் கிளப் என்றால் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள், அது இல்லாத வரலாறு அரை வரலாறுதான்.

வருஷம் கேட்டால் வயதானவர்கள் தடுமாறுவார்கள், அதைக் கேட்காதீர்கள். "ஐயா, இது சூறாவளிக்கு முன்னமா பின்னமா?" என்று கேளுங்கள். 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி, இந்த மூன்றும் இலங்கையின் கிழக்கே நம் பக்கத்து ஆட்களின் மனதில் அழியாத தேதிகள், மற்றதெல்லாம் அவற்றுக்கு இடையில் தானாக வந்து உட்காரும்.

படங்கள் கிடைத்தால் அங்கேயே போனில் எடுத்துவிட்டு மூலப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கலர் படத்தில் பந்து மஞ்சளாக இருந்தால் அது 1972 க்குப் பிந்தையது, ஏனென்றால் மஞ்சள் பந்து விதிகளுக்குள் வந்ததே அந்த வருஷம். ஆனால் வெள்ளைப் பந்தை வைத்து மட்டும் பழைய படம் என்று முடிவு கட்டாதீர்கள், விம்பிள்டனே 1986 இல்தான் மஞ்சளுக்கு மாறியது.

"எங்கள் கிளப்பில் 1850 இலேயே டென்னிஸ் ஆடினார்கள்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அப்படியே எழுதிவிட வேண்டாம். புல்தரை டென்னிஸுக்கு விங்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி காப்புரிமை வாங்கியதே 1874 இல், விம்பிள்டன் முதல் போட்டி 1877 இல். அந்த விம்பிள்டன் கிளப்பும் 1868 இல் குரோக்கே (மரச் சுத்தியலால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் ஆட்டம்) விளையாடத் தொடங்கியதுதான், டென்னிஸ் பிறகு வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்க் கிளப்பும் சீட்டு மேசையோடு தொடங்கிப் பல வருஷம் கழித்துக் கோர்ட் போட்டிருக்கலாம். ஆகவே கிளப் தொடங்கிய வருஷத்தையும் கோர்ட் போட்ட வருஷத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

அப்புறம் காகிதங்கள். கூட்டக் குறிப்பேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போய் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளையும் இலங்கை பற்றிய தகவல் கையேடுகளான பழைய ஃபெர்குசன் டைரக்டரிகளையும் கேளுங்கள். கல்முனை, அம்பாறைப் பக்கத்துக் கிளப் என்றாலும் 1961 க்கு முந்தியதை மட்டக்களப்பு என்ற பெயரில்தான் தேட வேண்டும், அம்பாறை தனி மாவட்டமானது அந்த வருஷம்தான். இது தெரியாமல் போனால் ஒரு நாள் முழுக்க வீணாகிவிடும்.

கோர்ட் இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறதா? பழைய காணி வரைபடத்தைத் தேடி எடுங்கள். ஆடும் பரப்பு 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம், சுற்றி ஓட இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 120 க்கு 60 அடி. அந்த அளவில் வெறும் நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிறகு அந்தப் பந்து பொறுக்கியவரையே அங்கே கூட்டிக்கொண்டு போய் நெட் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவருடைய பெயர் வரும் இடத்தை இரண்டு தரம்.