1964 ஸ்ட்ராட் என்றார்கள், திறந்து பார்த்தேன்

ஜார்ஜ்டவுனில் 1964 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று ஒரு மின்கிட்டார் விலைக்கு வந்தது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்திய கிட்டார்களுக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால்தான் 1965ஐ 1964 என்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது.

பழமைக்கு அடையாளமாகத் துருவை நான் நம்புவதே இல்லை. பினாங்கு கடல்காற்றில் புதுத் திருகும் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

கம்பிகளைக் கழற்றி, பிக்கார்டின் (முன்பக்க மூடித் தகடு) 11 திருகுகளையும் எடுத்துப் புரட்டினேன். வால்யூம் பாட்டின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகம்) முதுகில் 3046526 என்ற எண். 304 என்றால் அதைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம், 65 என்றால் 1965, 26 என்றால் அந்த வருடத்தின் 26ஆம் வாரம். பாட்டை இடையில் மாற்றியிருக்கலாமே? மாற்றியிருந்தால் ஈயப் பற்று புதிதாகப் பளபளக்கும், அல்லது பழையதன் மேல் இரண்டாம் படிவாகத் தெரியும். இதில் வால்யூம், டோன் என மூன்று பாட்களிலும் ஒரே மங்கல், கை படாத பற்று.

கழுத்தின் 4 திருகுகளையும் கழற்றினேன். அடிமுனை முத்திரையில் செப்டம்பர் 65. கிட்டார் அசல்தான், வருடம்தான் தவறு. 1965க்கான விலையைப் பேசினேன்.