பொது நீச்சல் குளம் பிடிக்காதவர்கள் குழந்தையை அங்கே அழைத்துப் போவது எப்படி?

மூக்கில் ஏறும் நெடி, வழுக்கும் தரை, யார் யாரோ இறங்கிய தண்ணீர், ஈரத்தோடு முட்டி மோதும் உடை மாற்றும் அறை. பொதுக் குளம் பிடிக்காமல் போக இவையே போதும். ஆனால் பிடிக்காத காரணத்தால் குழந்தையை இறக்கிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்வதுதான் உண்மையான ஆபத்து. நீச்சல் தெரியாத குழந்தையோடு பெரியவர் ஒருவர் தண்ணீரில் இருந்தே ஆக வேண்டும். அதைக் கூடியவரை சிரமமில்லாமல் செய்யும் வழி இது.

1. முதலில் தனியாகப் போய்ப் பாருங்கள்

குழந்தை இல்லாமல் ஒரு நடை போய் வாருங்கள். கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் அடித்தரையில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ, மூடி உடைந்திருந்தாலோ அந்தக் குளமே வேண்டாம். தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. குளோரின் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு), பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். பிஎச் அதற்கு மேலே போனால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும்.

நெடி அதிகமாக இருந்தால் 'நிறைய மருந்து போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கும்' என்று நம்பாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் குளோரமைன்தான் அந்த நெடி. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அதுவே காரணம். உள்ளரங்கக் குளத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

தண்ணீரில் கையை வைத்தும் பாருங்கள். பெரியவர்கள் நீந்தும் குளம் சின்னக் குழந்தைக்குக் குளிரும். 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது.

2. கூட்டமில்லாத நேரம்

வார நாளில், குளம் திறந்த உடனே. முதல் தடவை தண்ணீரில் 20 நிமிடம் போதும். பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ கூட்டிப் போகாதீர்கள்.

3. பை

நீலம், வெள்ளை நிற நீச்சல் உடை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளீரென்ற ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு வாங்குங்கள். ஸ்விம் டயபர் சிறுநீரை உறிஞ்சாது. மலம் கலையாமல் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். அதனால் வீட்டிலிருந்தே போட்டுவிடாமல், இறங்குவதற்குச் சற்று முன் போடுங்கள். ஆளுக்கொரு ரப்பர் செருப்பு, இரண்டு துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, குடிக்கத் தண்ணீர்.

4. இறங்கும் முன்

குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். பிறகு இருவரும் ஒரு நிமிடம் ஷவரில் நனையுங்கள். உடம்பில் உள்ள அழுக்கும் வியர்வையும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். தலைமுடி நல்ல தண்ணீரில் முன்பே நனைந்திருந்தால் குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

5. தண்ணீரில்

பெரியவரின் முகத்தில் பயம் தெரிந்தால் குழந்தையும் பயப்படும். அதனால் படியில் உட்கார்ந்து குழந்தையின் காலை நனைக்கும்போதே உங்கள் தோள், கழுத்து எல்லாவற்றையும் நனைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் சிலிர்ப்பு அடங்கிய பிறகு, குழந்தையின் முகம் உங்களைப் பார்த்தபடி இருக்க, அக்குளுக்குக் கீழே பிடித்து மெல்ல இறங்குங்கள். தோள் வரை தண்ணீருக்குள் இருந்தால் குளிர் குறைவாகத் தெரியும். ஈரமான உடம்பு பாதி வெளியே இருந்தால் நடுக்கம் சீக்கிரம் வரும். வாயை மூடி மூக்கால் குமிழி விட்டுக் காட்டுங்கள். தலையைப் பிடித்து அமுக்கவே கூடாது. தண்ணீரை விழுங்காமல் துப்பவும் பழக்குங்கள்.

எப்போதும் கைக்கெட்டும் தூரம்தான். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். காற்றடைத்த கைப்பட்டை கழன்றுவிடும், காற்று இறங்கும். அது பாதுகாப்புக் கருவியே அல்ல. லைஃப் கார்டு (மூழ்குபவர்களைக் காப்பாற்றும் காவலர்) இருந்தாலும் உங்கள் பொறுப்பு குறையாது. செல்பேசி பையிலேயே இருக்கட்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை கழிப்பறை இடைவேளை விடுங்கள். டயபரைக் குளக்கரையில் மாற்றாதீர்கள்.

6. வெளியே வரும்போது

உதடு நீலம் பாய்ந்தாலோ, தாடை நடுங்கினாலோ உடனே கரையேறுங்கள். அதற்கு முன்பே ஏறுவது இன்னும் நல்லது. முதலில் குழந்தையைத் துண்டில் சுற்றுங்கள். பிறகு சோப்புக் குளியல். தலையை இரு பக்கமும் சாய்த்துக் காதுமடலை மெல்ல இழுத்தால் தண்ணீர் வடியும், பஞ்சுக்குச்சி வேண்டாம். உங்களுக்குத் தலைவழியே மாட்டும் தளர்வான உடை இருந்தால் அந்த நெரிசலில் அரை நிமிடத்தில் வேலை முடியும்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீர் புரையேறிய குழந்தைக்கு இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கமில்லாமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்கு இருக்கும்போது குளத்துக்குப் போகவே கூடாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் 7 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்தக் கிருமிதான் என்று மருத்துவர் சொன்னால், வயிற்றுப்போக்கு நின்று 2 வாரம் ஆகும் வரை குளத்துப் பக்கம் போகாதீர்கள். குளத்து நிர்வாகத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.